மாணவர்கள் சேர்ந்து ஓர் ஏழைக் குடும்பத்தின் வீட்டைச் சீரமைப்பது: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம் கல்லூரிப் பிள்ளைகள் சேர்ந்து, பக்கத்துக் கிராமத்தில் கஷ்டப்படும் ஒரு குடும்பத்தின் வீட்டைப் பழுதுபார்த்துக் கொடுக்கும் வேலையை ஒருங்கிணைத்து வருகிறேன். ஒவ்வொரு வருஷமும் புதுப் பிள்ளைகள் வருகிறார்கள். கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. மாணவர்கள், அவர்களைப் பெற்றவர்கள், ஊர்க்காரர்கள் என எல்லோரும் கேட்டதை அவரவர் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

எங்க யாருக்குமே கொத்தனார் வேலை தெரியாது. நாங்க வந்து என்ன பண்ணிடப் போறோம்?

தெரிந்திருக்க வேண்டியதில்லை. வேலை தெரிந்த ஒரு கொத்தனாரைக் கூலிக்கு வைத்துத்தான் எப்போதும் ஆரம்பிக்கிறோம். பழைய பூச்சைக் கொத்துவது, மணல் சலிப்பது, கலவை போடுவது, பாண்டில் சாந்து எடுத்துக் கொடுப்பது, சுவரைத் தேய்த்துச் சுண்ணாம்பு அடிப்பது, பூசிய இடத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று ஒரு சின்ன வீட்டிலேயே பத்துப் பேருக்கு வேலை இருக்கும். மராமத்தில் பல சமயம் சாமான் செலவைவிடக் கூலிதான் கையைக் கடிக்கும். அந்தப் பாரத்தைத்தான் நீங்கள் குறைக்கிறீர்கள்.

‘அப்போ உள்ளூர் ஆளுங்க கூலியைக் கெடுக்கிறோமா?’ என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. நாம் போகாவிட்டால் அந்த வீட்டில் வேலையே நடந்திருக்காது. கொத்தனாரையும் குறைந்தது ஒரு சித்தாளையும் அதே ஊரிலிருந்து, ஊர்க் கூலியைக் குறைக்காமல் வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். அந்தக் கொத்தனார் அடுத்த மழைக்கும் அதே ஊரில் இருப்பார் என்பது கூடுதல் நன்மை.

எத்தனை நாள் வேலை? லீவு போடணுமா?

நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு 120 மணி நேரச் சேவையும், தத்தெடுத்த கிராமத்தில் 7 நாள் சிறப்பு முகாமும் உண்டு. அந்த 7 நாளைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறோம். திட்டத்தில் இல்லாதவர்கள் சனி, ஞாயிறுகளில் வரலாம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முகாம் 7 நாளில் முடியும், வீட்டு வேலை அதற்குள் முடியாது. அளவெடுப்பது, சாமான் வாங்குவது எல்லாம் முன்பே நடக்க வேண்டும். பூசிய சுவருக்குக் குறைந்தது 7 நாளாவது தண்ணீர் காட்ட வேண்டும். மூன்றாம் நாள் பூசினால் முகாம் முடிந்து பஸ் ஏறிய பிறகும் அங்கே தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். யார் அது என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள்.

ஊர்ல கஷ்டப்படறவங்க நிறைய பேர் இருக்காங்களே. எந்த வீட்டை எடுக்கிறது?

ஊராட்சித் தலைவரைக் கேட்டால் ஒரு வீடு சொல்வார், வார்டு உறுப்பினர் வேறொரு வீடு சொல்வார். இரண்டையும் போய்ப் பாருங்கள். அங்கன்வாடிப் பணியாளரையும் பள்ளி ஆசிரியரையும் தனியாகக் கேளுங்கள். எந்தப் பிள்ளை மழை நாளில் நனைந்த புத்தகத்தோடு வருகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

கணவனை இழந்து பிள்ளைகளை வளர்ப்பவர், படுக்கையில் இருக்கும் நோயாளி உள்ள வீடு, பேரப்பிள்ளையோடு தனியாக இருக்கும் பாட்டி என்று பார்த்து, அதிலும் அடுத்த மழைக்கு ஆபத்தான வீட்டை முதலில் எடுப்போம். 2021 நவம்பர் மழையில் பேரணாம்பட்டில் வீடு இடிந்து 4 குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்ததை இந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் மறந்திருக்க மாட்டோம். சுவர் ஊறிப்போன வீட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும். இன்னொன்று, நம்மால் சரிசெய்ய முடியாத அளவுக்கு ஆபத்தான வீடும் உண்டு. அதைப் பற்றித் தொகுப்பு வீட்டுக் கேள்வியில் சொல்கிறேன்.

கவர்மெண்டே வீடு கட்டித் தருதே, நாம எதுக்குச் செய்யணும்?

தருகிறது. வாங்கித் தர முடிந்தால் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். கலைஞர் கனவு இல்லம் 2024-ல் அறிவிக்கப்பட்டது: குடிசையில் இருப்பவர்களுக்கு 360 சதுர அடி வீடு, ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். பழைய அரசு வீடுகளைப் பழுதுபார்க்கவும் அதே ஆண்டு ஒரு திட்டம் வந்தது. மத்திய அரசின் வீட்டுத் திட்டமும் இருக்கிறது. எனவே ஒரு வீட்டைப் பார்த்ததும், இந்தக் குடும்பத்தின் பெயர் ஏதாவது பட்டியலில் இருக்கிறதா என்று ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் விசாரியுங்கள். இல்லையென்றால் மனு எழுதிக் கொடுங்கள். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு 6 முறை கூடுகிறது. அங்கே அந்தக் குடும்பத்தோடு போய் நிற்பதும் சேவைதான். பாண்டு தூக்குவதைவிட அதில் பலன் அதிகம் கிடைத்த வீடுகள் உண்டு.

ஆனால் பட்டியலில் பெயர் வந்து, பணம் தவணை தவணையாக இறங்கி, வீடு எழும்பும் வரை அவர்கள் எங்கேயாவது தூங்க வேண்டும். பட்டா இல்லை, பெயர் விட்டுப்போனது, ஏற்கெனவே ஒரு முறை வீடு வாங்கிவிட்டார்கள் என்று வரம்புக்கு வெளியே நிற்பவர்களும் இருக்கிறார்கள். நம் வேலை அவர்களுக்காக.

பட்டா இல்லாத வீடுன்னா வேலை பார்க்கலாமா? வாடகை வீடுன்னா?

நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலத்தில், தலைமுறையாக இருப்பவர்கள், பட்டா மட்டும் மாறவில்லை என்றால் தாராளமாகச் செய்யலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஏரி, ஓடை, கால்வாய்ப் புறம்போக்கில் இருந்தால் பெரிய செலவு வைக்காதீர்கள். நீர்நிலை ஆக்கிரமிப்பென்று நாளைக்கே காலி செய்யச் சொல்லலாம். அங்கே நல்ல தார்ப்பாய், கழற்றி எடுத்துப் போகக்கூடிய ஷீட், கம்பம் என்று கொடுத்தால் எந்த இடத்துக்குப் போனாலும் கூடவே போகும்.

வாடகை வீட்டில் சுவரைத் தொடுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் எழுதி வாங்குங்கள். குறிப்பிட்ட காலத்துக்கு வாடகை ஏற்றுவதில்லை, காலி செய்யச் சொல்வதில்லை என்று அதில் இருக்கட்டும். இல்லையென்றால் நாம் வெள்ளை அடித்துக் கொடுத்த வீட்டுக்கே வாடகை ஏறி, அந்தக் குடும்பம் வெளியே நிற்கும்.

முதல்ல பெயிண்ட் அடிச்சிடலாமே சார், பார்க்க நல்லா இருக்கும்ல?

கடைசியில் அடிக்கலாம். வரிசை இதுதான்: முதலில் கூரை, அப்புறம் வீட்டைச் சுற்றித் தண்ணீர் போகும் வழி, அப்புறம் சுவர், தரை, கரண்ட், கதவு, எல்லாம் முடிந்து காசு மிஞ்சினால் நிறம். மேலே ஒழுகும் வீட்டில் அடித்த பெயிண்ட் ஐப்பசி முடிவதற்குள் உப்பிக்கொண்டு வரும். செலவழித்த காசும் போகும், அந்த வீட்டம்மாவுக்கு நம் மேல் இருக்கும் நம்பிக்கையும் போகும்.

வீட்டைச் சுற்றித் தண்ணீர் போகும் வழியை யாரும் கண்டுகொள்வதில்லை. தெரு ரோட்டை மேல மேலப் போட்டு உயர்த்தியதில் பல வீடுகள் பள்ளத்தில் இறங்கிவிட்டன. சுவர் ஓரத்தில் ஒரு சரிவுத் தளம் போட்டு, சின்னதாக ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டால் சுவரின் அடி காயும். அதற்கு மண்வெட்டியும் உழைப்பும் போதும்.

தொகுப்பு வீட்டுல மேல்தளம் பெயர்ந்து பெயர்ந்து விழுது. பூசி விட்டா போதுமா?

எங்களிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். பல வருஷத்துக்கு முன்பு காலனிகளில் அரசு கட்டிக் கொடுத்த காங்கிரீட் வீடுகள் பல இந்த நிலையில் இருப்பதை நீங்களே பார்க்கலாம். படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தால் கம்பி வரிசையாகத் தெரியும். பாயைக் கம்பி தெரியாத மூலைக்கு இழுத்துப் போட்டுத்தான் பிள்ளைகளைப் படுக்கவைப்பார்கள்.

ஏன் விழுகிறது என்றால், மொட்டைமாடியில் தண்ணீர் நின்று, விரிசல் வழியாக உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அது உப்பி, கீழே இருக்கும் காரையைத் தள்ளிவிடுகிறது. கீழே மட்டும் பூசினால் துருவை மூடி வைத்ததாகத்தான் ஆகும். அடுத்த வருஷம் புதுப்பூச்சும் சேர்ந்து இன்னும் பெரிய பாளமாக விழும்.

செய்ய வேண்டியது இப்படி. முதலில் ஒரு சிவில் பொறியாளர் வந்து பார்க்க வேண்டும். உங்கள் கல்லூரியில் சிவில் துறை இருந்தால் பேராசிரியரையே கூட்டி வாருங்கள். கம்பி எந்த அளவுக்குத் தேய்ந்திருக்கிறது, தளம் தொய்ந்திருக்கிறதா என்று அவர் சொல்ல வேண்டும். தொய்வு தெரிந்தால் மாணவர்கள் அந்த அறைக்குள் போகவே கூடாது. நான் முன்பு சொன்ன, நம் கைக்கு மீறிய வீடு இதுதான். முட்டுக் கொடுத்துவிட்டு, குடும்பத்தை வேறு இடத்துக்கு மாற்ற ஊராட்சியோடு பேசுவதுதான் அங்கே நம் வேலை.

சரி, சரிசெய்யலாம் என்று அவர் சொன்னால், முட்டுக் கொடுத்து, தட்டிப் பார்த்து, பொத்தென்று சத்தம் வரும் இடத்தையெல்லாம் கொத்தி எடுக்க வேண்டும். கம்பியைச் சுற்றிலும் தெரியும்படி திறந்து, கம்பி பிரஷ்ஷால் துரு போகத் தேய்த்து, துருத் தடுப்பு பூசி, தேய்ந்துபோன இடத்தில் புதுக் கம்பி சேர்த்து, ஒட்டுப்பசை கலந்த கெட்டிக் கலவையால் அடைக்க வேண்டும். கொத்துவதும் முட்டு வைப்பதும் கொத்தனார் வேலை. கம்பி தேய்ப்பதும் குப்பை அள்ளுவதும் உங்கள் வேலை. இதற்கெல்லாம் முன்னால் மாடியில் தண்ணீர் நிற்காதபடி சரிவு கொடுத்துத் தளத்தைச் சரிசெய்யாவிட்டால் கீழே செய்த அத்தனையும் வீண்.

மண் சுவர் வீடு. நல்லா கெட்டியா சிமெண்ட் பூசிக் கொடுத்திடலாமா?

வேண்டாம். மண் சுவரும், இந்தப் பக்கம் மண் சாந்தில் கருங்கல் வைத்துக் கட்டிய பழைய சுவரும் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்ட் பூச்சு அதை அடைத்துவிடும். விரிசலில் இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளே மண்ணைக் கரைக்கும். வெளியே பார்த்தால் சுவர் நன்றாகத்தான் இருக்கும்.

மண்ணோடு உமியோ நறுக்கிய வைக்கோலோ சேர்த்துப் புளிக்கவைத்துப் பூசி, மேலே சுண்ணாம்பு அடித்தால் போதும். இந்தக் கலவையை வீட்டிலிருக்கும் பெரியவர்கள் நம் கொத்தனாரைவிட நன்றாகவே அறிவார்கள், கேட்டுச் செய்யுங்கள். கூரையைச் சுவருக்கு வெளியே ஒரு முழம் இழுத்து இறக்கினால் பாதி மழை சுவரைத் தொடாது. நீறாத சுண்ணாம்பு வாங்கினால் தண்ணீர் விடும்போது கொதிக்கும். பெரியவர் யாராவது பக்கத்தில் இருக்கட்டும், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. நம்ம ஊர் வெயில்ல உள்ள உட்காரவே முடியல. ஏதாவது பண்ண முடியுமா?

முடியும், செலவும் குறைவு. ஷீட்டின் மேல்பக்கம் வெள்ளை அடியுங்கள். சுண்ணாம்பில் வெள்ளை சிமெண்டும் கொஞ்சம் ஃபெவிகாலும் கலந்து இரண்டு கை அடித்தால் வெயிலைத் திருப்பி அனுப்பும், உள்ளே சூடு குறைவதை அன்று மதியமே உணரலாம். மொட்டைமாடிக்கும் இதேதான். எதிரெதிரே ஒரு ஜன்னலாவது திறக்கும்படி செய்தால் இன்னும் நல்லது.

இரண்டு எச்சரிக்கை. பழைய ஷீட்டில் கால் வைத்தால் உடைந்து உள்ளே விழுவீர்கள். ஏணியில் நின்று, நீளக் கம்பு கட்டிய ரோலரால் மட்டும் அடியுங்கள். அடுத்தது, பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உலர்ந்த நிலையில் அறுப்பதோ துளை போடுவதோ தேய்ப்பதோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. கழற்ற வேண்டியிருந்தால் நனைத்துவிட்டு, முழுசாக இறக்க வேண்டும். புது ஷீட் போடும்போது போல்ட்டை நெளிவின் மேட்டில் போடுகிறார்களா என்று பாருங்கள். பள்ளத்தில் போட்டால் தண்ணீர் ஓடும் இடத்தில் ஓட்டை போட்ட மாதிரி.

எந்த மாசத்துல வேலை வைக்கிறது நல்லது?

தை முதல் பங்குனி வரை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரையைத் திறக்க முடியாது. மார்கழியிலும் ஆடியிலும் வீட்டு வேலை தொடங்க நிறைய குடும்பங்கள் விரும்புவதில்லை, வற்புறுத்தாதீர்கள். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயிலில் பிள்ளைகளும் தாங்க மாட்டார்கள், பூச்சும் காய்ந்து வெடிக்கும். வேறு வழியில்லாமல் சித்திரையில் வைத்தால் காலை 6 மணிக்குத் தொடங்கி 11 மணிக்குள் வெளிவேலையை முடித்துவிடுங்கள். பூசிய சுவரில் ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள். கோடையில் குழாயில் தண்ணீர் தினமும் வராத ஊர்கள் உண்டு. அந்த வீட்டுக் குடிதண்ணீரை எடுத்துச் சுவருக்கு ஊற்றிவிடாமல் டிராக்டர் தண்ணீருக்குச் செலவு ஒதுக்குங்கள்.

பாலாத்துல மணல் கிடக்குதே, ரெண்டு வண்டி எடுத்துக்கிட்டா என்ன?

கூடாது. அனுமதியில்லாமல் எடுத்தால் வழக்கு வரும். அதற்கும் மேலே, இந்த மாவட்டத்துக் கிணறும் குடிநீரும் அந்த மணலை நம்பித்தான் இருக்கின்றன. கல்லை உடைத்துச் செய்யும் மணலில் பூச்சுக்குப் பி-சாண்ட், காங்கிரீட்டுக்கு எம்-சாண்ட் என்று ரசீதோடு வாங்குங்கள். எல்லாச் சாமானுக்குமே ரசீது வாங்கி, கணக்கை மாணவர்கள் எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள்.

கரண்ட் வேலையை எங்க காலேஜ் எலக்ட்ரிகல் பசங்களே பண்ணிடுவாங்க, ஓகேவா?

உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். பசங்கள் சுவரில் காடி எடுக்கலாம், பைப் பதிக்கலாம், கூட நின்று கற்றுக்கொள்ளலாம். ஈரச் சுவரில் நாற்பது வருஷத்து வயர் தொங்கும் வீட்டில், சரியான எர்த்தும், கரண்ட் கசிந்தால் உடனே நிறுத்திவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் போடுவது பெயிண்டைவிட ஆயிரம் மடங்கு முக்கியம். காசு பற்றாவிட்டால் நிறத்தை விட்டுவிடுங்கள், இதை விடாதீர்கள்.

என் பொண்ணை அனுப்பலாமா? அடிகிடி பட்டா யார் பொறுப்பு?

அனுப்பலாம். ஆண்பிள்ளைக்கு என்ன வேலையோ அதே வேலைதான் பெண்பிள்ளைக்கும். கூட ஆசிரியை ஒருவர் இருப்பார். போய் வரச் சுத்தமான கழிப்பறை எங்கே என்பதைக் கிராமத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே பார்த்துவிடுவோம். தலைக்கவசம், ஷூ, கையுறை, முகக்கவசம் இல்லாமல் யாரையும் உள்ளே விடுவதில்லை. டெட்டனஸ் ஊசி போட்டிருக்க வேண்டும். சாரத்தில் ஏறுவது, சுவர் இடிப்பது, கட்டிங் மெஷின் பிடிப்பது மூன்றும் மாணவர்களுக்குக் கிடையாது. 18 வயது நிரம்பாத பள்ளிப் பிள்ளைகள் சுத்தம் செய்வது, உள்சுவருக்கு வெள்ளை அடிப்பதோடு சரி.

பொறுப்பு கல்லூரிக்கும் எங்களுக்கும். முகாம் நாட்களுக்கு விபத்துக் காப்பீடு எடுத்த சீட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பெற்றோர் அதைக் கேட்பது நியாயம்தான்.

வேலை நடக்கும்போது அந்தக் குடும்பம் எங்க போவாங்க? அவங்க பொழைப்பு?

இதை யோசிக்காமல் போய் நின்றால் உதவி உபத்திரவமாகிவிடும். பீடி சுற்றும் வீடென்றால், அந்த அம்மா காலையிலிருந்து முறத்தை மடியில் வைத்து, வாசற்படி வெளிச்சத்தில் உட்கார்ந்தே ஆயிரம் பீடிக் கணக்கை முடிப்பவர். நனைத்து வைத்த இலையில் சிமெண்ட் தூசி படிந்தால் அன்றைய கூலி போய்விடும். எனவே வேலை நடக்கும் நாட்களுக்குத் தூசி வராத, வெளிச்சமுள்ள இடம் பக்கத்தில் ஒன்று பேசி வைக்கிறோம். ஒரு அறை முடித்த பிறகே அடுத்த அறையைக் கலைக்கிறோம். ஆடு, கோழி, அடுப்பு, பிள்ளைகளின் பரீட்சை, எல்லாவற்றுக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். ரேஷன் கார்டு, பட்டா, ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கும் பெட்டியை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

அவங்க வீட்டுல டீ போட்டுத் தர்றாங்க, சாப்பிடச் சொல்றாங்க. வாங்கிக்கலாமா? அவங்களே கஷ்டப்படறவங்க...

வாங்கிக் குடியுங்கள். காலனி வீட்டில் கை நனைக்கத் தயங்கும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. நீங்கள் வேண்டாமென்று சொன்னால், நீங்கள் என்ன நினைத்துச் சொன்னாலும், அவர்களுக்கு அது வேறு மாதிரிதான் கேட்கும். செலவு பாரமாகுமே என்றால் அரிசி, பருப்பை நாம் வாங்கிப் போட்டு எல்லோருக்கும் சேர்த்துச் சமைத்து ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம்.

நாங்க போட்ட பிளானை வேணாங்கறாங்க. திண்ணை கட்டிக் கொடுங்கன்னு கேட்கறாங்க. என்ன செய்யறது?

திண்ணை கட்டிக் கொடுங்கள். வீடு அவர்களுடையது. காரணம் கேட்டால் தெரியும்: மேலே சொன்ன பீடி வேலைக்காக இருக்கலாம், படியேற முடியாத கிழவர் உட்காரவாக இருக்கலாம், மறைவாகக் குளிக்க ஒரு தடுப்பு வேண்டும் என்று சொல்லக் கூச்சப்பட்டு அதைக் கேட்டிருக்கலாம். அந்த வீட்டுப் பெண்களிடம் மாணவிகள் தனியாகப் பேசினால் உண்மையான தேவை வெளியே வரும். சக்கர நாற்காலிக்குச் சரிவுப்பாதை கேட்டால் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் கணக்கு. இடம் இல்லையென்று செங்குத்தாகப் போட்டால் யாரும் தள்ள முடியாது.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கூரையும் கரண்டும் முடிந்த பிறகு மிச்சக் காசு எதற்கென்று அவர்கள் சொல்லட்டும்.

போட்டோ எடுத்து இன்ஸ்டாவுல போடலாமா? ஸ்பான்சர் கேட்கறாங்க.

சுவரை எடுங்கள், கூரையை எடுங்கள், வேலை செய்யும் உங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒழுகும் வீட்டில் அந்த அம்மாவை நிற்க வைத்து எடுக்காதீர்கள். அவர் மகளும் ஒரு பள்ளியில் படிக்கிறாள், அவள் தோழிகளும் போன் பார்க்கிறார்கள். சம்மதம் கேட்டோம், சரியென்றார் என்பீர்கள். வீட்டைச் செய்து தருபவரிடம் யார் மறுப்பார்கள்? ஸ்பான்சருக்கு ரசீதும் முகமில்லாத படமும் போதும். சுவரில் பெரிதாகப் பெயர் எழுதித்தான் ஆக வேண்டுமென்பவரிடம் பணம் வாங்க வேண்டாம்.

பக்கத்து வீட்டுக்காரங்க ‘எங்களுக்கு மட்டும் ஏன் இல்ல?’ன்னு சண்டைக்கு வர்றாங்க...

வருவார்கள், நியாயமும் இருக்கிறது. எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்று வேலை தொடங்கும் முன்பே ஊரில் வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் பாதி கோபம் இருக்காது. மீந்த சுண்ணாம்பும் வாய்க்கால் வெட்டும் ஆட்களும் பக்கத்து இரண்டு வீட்டுக்கும் போகட்டும். அவர்களுக்கும் திட்ட மனு எழுதிக் கொடுக்கலாம்.

வேலை முடிஞ்சு ஆறு மாசத்துல ‘திரும்ப ஒழுகுது’ன்னு போன் வந்தா?

போய்ப் பார்க்க வேண்டும். இதற்காகவே மொத்தப் பணத்தில் ஒரு பகுதியை முதல் மழை முடியும் வரை தொடாமல் வைக்கிறோம். வேலை செய்தவர்கள் படிப்பு முடிந்து போயிருப்பார்கள். அதனால் எந்தச் சுவரில் என்ன பூசினோம், எந்தக் கொத்தனார், பைப் எங்கே போகிறது என்று ஒரு நோட்டில் எழுதி ஜூனியர்களிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொல்கிறோம். கொத்தனார் எண் குடும்பத்திடமும் இருக்கும்.

புகார் வரும் வரை காத்திருக்காமல் ஐப்பசியில் முதல் பெரிய மழை பெய்த மறுநாள் இரண்டு பேர் போய்விடுங்கள். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, ஷீட் போல்ட்டின் வாஷர், ஜன்னலுக்கு மேலே இருக்கும் சன்ஷேடு, இந்த மூன்றையும் பாருங்கள். மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் வேப்பிலை அடைத்திருந்தால் கையால் அள்ளிப் போட்டு, அதில் ஒரு வலையைக் கட்டிவிட்டு வாருங்கள்.